மரமில்லா மலையும் மகன் பெயரால் ஒரு குன்றும்

வேலூரைக் குறித்துப் பழைய ஏளனச் சொல் ஒன்று உண்டு. அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில், நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று அது அடுக்கிக்கொண்டே செல்லும். பட்டியலில் இன்னும் ஒன்றிரண்டு உள; குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து படிக்கும் இதழாதலின் அவற்றை இங்கே எழுதாது விடுகிறேன். இவ்வடுக்கில் கோட்டைக்கு இன்று தொல்லியல் துறையினரே அரசர். கோயிலுக்கோ 1981இல் மூலவர் திரும்பி வந்துவிட்டார். ஆக, அந்த ஏளனத்தில் எஞ்சி நிற்பவை இரண்டே: ஆறும், மலையும்.

அன்பு வாசகர்களே! அவ்விரண்டையும் காண்பதற்கு என்னுடன் சற்றுப் பயணம் வாருங்கள். வேலூர்க் கோட்டையின் அகழிக் கரையில் நின்று கிழக்கே நோக்குங்கள். நகரை ஒட்டி எழுந்து நிற்கும் குன்றுகளின் உச்சியில் இடிந்த மதில்கள் தெரியும். கீழேயுள்ள கோட்டையைக் காப்பதற்கென மேலே கட்டப்பட்ட சிறு கோட்டைகள் அவை. மதில்களுக்குக் கீழே பாறை. பாறைக்குக் கீழே முட்புதர். புதருக்குக் கீழே வீடுகள். சித்திரை, வைகாசி மாதங்களில் அப்பாறைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் நகரின் மீது உமிழ்கின்றன. வேலூர் வெயிலைப் பழிப்போர் அப்பாறைகளின் பங்கை எண்ணிப் பார்ப்பதில்லை.

அங்கிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே பேருந்து ஏறினால் பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று ஊர்கள் வரும். சாலையின் கூடவே பாலாறு வரும். ஆறு என்று சொல்வதற்கு அடையாளம் அதன் அகலமே; ஆண்டின் பெரும்பகுதி மணலும் கருவேலமுமாகக் கிடக்கிறது. தெற்கே ஜவ்வாது மலைத்தொடர் நீலமாய் உடன் வரும். வடக்கே ஆந்திர எல்லைக் குன்றுகள். ஆம்பூரை நெருங்குகையில் ஆம்பூர் துர்க்கம் தெரியும். 1749ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் போரில் மடிந்தது இவ்வூரருகேதான். அன்று முதுமையிலும் யானை மீதமர்ந்து அவர் போரிட்ட கதையை எம் பகுதிப் பெரியோர் இன்றும் சொல்வர். ஆனால் நாம் பேச வந்தது போர் பற்றியன்று, பட்டை பற்றி.

ஆம், மரப்பட்டை! இப்பகுதியின் செல்வமெல்லாம் தோலில் பிறந்தது என்பதை யாவரும் அறிவர். அத்தோல் எதில் பதனிடப்பட்டது என்பதை இளைய தலைமுறை மறந்துவிட்டது. ஆவாரம்பட்டை, கொன்றைப் பட்டை, கடுக்காய் ஆகிய இவையே நம் முன்னோர்க்கு மருந்தும் மூலதனமும். சுண்ணாம்புக் குழியில் ஊறி, மயிர் நீங்கிய தோல், பட்டை ஊறிய நீரில் பல நாட்கள் கிடந்து, கடுக்காய் நீரில் மெருகேறி, பொன்னிறத்தில் வெளிவரும். ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயருடன் கப்பலேறி அது இலண்டன் சந்தைக்குச் சென்றது. ஆவாரை தரிசிலும் மலையடியிலும் தானே முளைக்கும் செடி. ஏழைப் பெண்கள் விடியலில் சென்று கொம்பு வெட்டி, பட்டை உரித்து, வெயிலில் காய வைத்து, தலைச்சுமையாகக் கொண்டுவந்து தொழிற்கூட வாயிலில் எடை போட்டனர். பின்னாளில் வாட்டில் பட்டை வந்தது. 1970களில் அரையளவு பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுமையாகச் செப்பனிட்ட தோலையும் காலணியையுமே ஊக்குவித்தபோது, குரோமியம் எங்கும் பரவிற்று. பல நாள் வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. பட்டைக்காரிகளின் பாதையில் புல் முளைத்தது.

அதன் விளைவு என்ன என்பதை நாடே அறியும். 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, இன்று இந்தியச் சட்டக் கல்லூரிகளிலெல்லாம் பாடமாக உள்ளது. மாசு செய்தவனே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தில் உறுதிபெற்ற தீர்ப்புகளுள் அது முதன்மையானது. தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ பயிருக்கு உதவாது போயிற்று என்று வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கண்டதை அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. கூட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. ஆயினும் வழக்கின் வால் நீண்டது. 2025 சனவரியிலும் உச்சநீதிமன்றம் மீண்டும் இழப்பீடு குறித்து ஆணையிட வேண்டியதாயிற்று.

இதை எழுதுகையில் என் பேனா தயங்குகிறது. எம் மாணவர்களில் பலர் அத்தொழிலின் ஊதியத்தில் உண்டு வளர்ந்தவர்கள். எம் மதரஸாவின் கூரையும் அத்தொழிலின் கொடைதான். தொழிலைப் பழிப்பது என் நோக்கமன்று. பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு அதில் எரிகிறது. எனினும் மலையிலிருந்து எடுத்தோம், ஆற்றிலிருந்து எடுத்தோம் என்பது உண்மை. எடுத்தவற்றுள் எதனை எங்கே திருப்பிக் கொடுத்தோம்?

கொடுக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. எம் தோல் வணிகர்கள் கொடையில் கை சுருக்காதவர்கள். வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் பெயரால் 1965இல் கல்லூரி வந்தது. ஆம்பூரில் மழ்ஹருல் உலூம் கல்லூரி 1969இல் தொடங்கிற்று. ஆம்பூரிலிருந்து பேர்ணாம்பட்டு செல்லும் சாலையில், குன்றுகள் சூழ்ந்த வெளியில், தோல் வணிகர் காகா முஹம்மது உமர் அவர்கள் 1924இல் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவினார்கள். அவர்கள் பெயராலேயே அவ்வூர் உமராபாத் ஆயிற்று. ஒரு மனிதரின் பெயர் ஒரு கட்டடத்தின் மேல் எழுதப்படுவது எளிது; ஓர் ஊரே அவர் பெயரைத் தாங்குவது அரிது. உமராபாத்தில் மாலை நேரத்தில் தென்னைகளின் பின்னே குன்றுகள் கருத்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், கல்விக்கு ஒருவர் இவ்வளவு நிலத்தை ஒதுக்கினாரே, அதோ அந்தக் குன்றை எவரும் ஒதுக்கவில்லையே என்ற எண்ணம் எனக்கு எழுவதுண்டு.

குன்றை ஒதுக்குவதா? அப்படியும் ஒரு கொடை உண்டா? உண்டு என்பதற்குச் சான்றை எனக்கு அனுப்பியவர் எம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர். இன்று காலணி வணிகத்தின் பொருட்டு இங்கிலாந்துக்குப் போய் வருபவர். வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், கெசிக் என்னும் சிற்றூருக்குத் தெற்கே, பாரோடேல் என்றொரு பள்ளத்தாக்கு உள்ளது. அங்கே காசில் கிராக் எனும் குன்றின் மேல் அவர் ஏறினார். ஏறியவர் படங்களுடன் நீண்ட மடலொன்றும் எழுதினார்.

அக்குன்றின் உயரம் 290 மீட்டரே. நம் ஏலகிரியின் மூன்றிலொரு பங்கும் இராது. ஆனால் அது நிற்கும் இடம் அப்படி! இருபுறமும் மலைகள் நெருங்கி வந்து பள்ளத்தாக்கின் தொண்டையை நெரிக்கும் இடத்தில், நடுவே ஆப்பு அடித்தாற்போல் நிற்கிறது. காலடியில் டெர்வென்ட் ஆறு, ஓக் மரக்காடு, மரங்களின் அடி முதல் நுனி வரை பாசி. இங்கிலாந்திலேயே மக்கள் வாழும் இடங்களில் மிகுதியாக மழை பெய்வதாகச் சொல்லப்படும் சீத்வெய்ட் என்னும் சிற்றூர் பக்கத்தில்தான் உள்ளது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல். நம் வேலூருக்கு ஏறத்தாழ ஆயிரம். “ஹஜ்ரத், இங்கே மழை நின்றதைப் பார்த்தவர் இல்லை” என்று மாணவர் எழுதியிருந்தார். பொறாமையாகத்தான் இருந்தது!

இத்துணைப் பசுமையிலும் அக்குன்று காயம் படாததன்று. அதன் உடலைக் குடைந்து பலகைக்கல் வெட்டியிருக்கிறார்கள். உச்சிக்குச் செல்லும் பாதை, அப்படி வெட்டி வீசிய கற்குவியலின் மேலேயே வளைந்து வளைந்து ஏறுகிறது. உச்சியருகே கல் வெட்டிய பள்ளம் இன்றும் வாய் திறந்து கிடக்கிறது. வழிப்போக்கர்கள் பலகைக்கற்களை எடுத்து நிமிர்த்தி நட்டு வைத்திருக்கிறார்களாம். தூரத்திலிருந்து பார்க்க அடக்கத்தலம் போல இருந்தது என்று எழுதியிருந்தார்.

உச்சியில் பாறையில் ஒரு பலகை பதிக்கப்பட்டுள்ளது. ஜான் ஹேமர் என்ற இளைஞனின் பெயர் அதில் உள்ளது. 1897இல் பிறந்தவன். முதல் உலகப் போரில் துணைநிலைப் படை அதிகாரியாகப் பணியாற்றி, 1918 மார்ச் 22ஆம் நாள் மடிந்தான். செருமானியப் படையின் பெருந்தாக்குதல் தொடங்கிய மறுநாள் அது. வயது இருபது. அவன் தந்தை வில்லியம் ஹேமர், மகனின் நினைவாகக் கல்லறை மாடம் எழுப்பவில்லை, மணிக்கூண்டு கட்டவில்லை. 1920இல் இக்குன்றின் உச்சியை நாட்டுக்கு வழங்கினார். வழங்கியவர் தம் மகன் பெயரை மட்டும் பொறிக்கச் செய்யவில்லை. அதே பள்ளத்தாக்கிலிருந்து சென்று அதே போரில் மடிந்த உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களும் அப்பலகையில் உள்ளன. மகனை இழந்த ஒரு செல்வர், தம் துயரில் அண்டை வீட்டாரின் துயருக்கும் இடம் தந்தார். படத்தைப் பெரிதாக்கி அப்பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தபோது என் கண் கலங்கிற்று.

தந்தை மறைந்த பின், அவர் துணைவியார் 1939இல், கணவரின் நினைவாகக் குன்றைச் சுற்றியுள்ள நிலத்தையும் வழங்கினார். வழியில் அவர் நினைவாக ஓர் இருக்கை உள்ளது. மகனுக்கு உச்சி, தந்தைக்குச் சரிவு. ஒரு குடும்பத்தின் துயரம் ஒரு முழு மலையாயிற்று.

அதே பள்ளத்தாக்கில் ஆற்றுக்கு எதிர்க்கரையில் இன்னொரு மேடு உள்ளது. மறைந்த மன்னர் ஏழாம் எட்வர்டின் நினைவாக அவர் தங்கை இளவரசி லூயிஸ் அதனை அளித்தார். மன்னனுக்கு ஒரு மலை, இருபது வயது இளைஞனுக்கு ஒரு மலை; இடையில் ஓர் ஆறு மட்டுமே. நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய ஸ்காஃபெல் பைக்கின் உச்சியும் 1919இல் இதேபோலப் போரில் மடிந்தோரின் நினைவாக ஒரு பிரபுவால் தரப்பட்டதே. இவையெல்லாம் யாரிடம் தரப்பட்டன? 1895இல் தொடங்கப்பட்ட ‘நேஷனல் டிரஸ்ட்’ என்ற அறக்கட்டளையிடம். அரசுத் துறையன்று அது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு ஒரு தனி உரிமை தந்தது: ஒரு நிலத்தைப் ‘பராதீனப்படுத்த இயலாதது’ என அது அறிவித்துவிட்டால், பின்னர் நாடாளுமன்றத்தின் இசைவின்றி அதனை விற்கவோ பிறர் பறிக்கவோ முடியாது.

இதைப் படித்ததும் நான் புன்னகைத்தேன். நாம் பிள்ளைகளுக்கு ஃபிக்ஹு பாடத்தில் கற்பிப்பதல்லவா இது! கைபரில் தமக்குக் கிடைத்த அரிய நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வினவியதும், மூலத்தை நிறுத்திவைத்து அதன் பலனை அறம் செய்யுமாறு அவர்கள் வழிகாட்டியதும் நாம் அறிந்தவை. அன்று முதல் அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகத் தரப்படாது, வாரிசுகளுக்குப் பங்கிடப்படாது என்றாயிற்று. வக்ஃபின் உயிர்நிலை இதுவே. மதீனாவைச் சூழ்ந்த நிலப்பரப்பில் மரம் வெட்டுதலும் வேட்டையும் விலக்கப்பட்டதும், நகீஉ என்னும் பள்ளத்தாக்கு ‘ஹிமா’ என்ற பெயரால் மேய்ச்சல் காப்பிடமாக ஒதுக்கப்பட்டதும் நம் வரலாறே. ஒருவர் நட்ட மரத்திலிருந்து பறவை தின்றாலும், விலங்கு தின்றாலும் நட்டவருக்கு அது தருமமாகும் என்ற நபிமொழியை அறியாத பிள்ளை நம் வீடுகளில் இல்லை. ஆனால் நாமோ வக்ஃப் என்றவுடன் கடையையும் வாடகையையும் நினைக்கிறோம். வாடகை தராத வக்ஃபும் உண்டு. நிழல் தரும் வக்ஃபும் உண்டு.

“இங்கிலாந்தில் மழை பெய்கிறது, நம் பாறையில் என்ன முளைக்கும்?” என்று கேட்பீர்கள். நியாயமான வினா. விடையைத் தேடக் கடல் தாண்ட வேண்டியதில்லை. கேரளத்துக்குச் சென்றால் போதும். இன்றைய காசர்கோடு மாவட்டத்தில், பரப்பா அருகே புலியங்குளம் என்னும் இடத்தில் அப்துல் கரீம் என்பவர் 1977இல் ஐந்து ஏக்கர் வாங்கினார். செம்பாறை மேடு. ஒரு கிணறு இருந்தது. கோடையில் வறண்டு கிடக்கும். பாறை வெடிப்புகளில் மரக்கன்றுகளை நட்டார். ஊரார் நகைத்தனர். முதலில் நட்டவை பெரும்பாலும் கருகின. மீண்டும் நட்டார். தொலைவிலிருந்து மோட்டார் சைக்கிளில் தண்ணீர் சுமந்து வந்து ஊற்றினார். சில ஆண்டுகள் சென்றபின் கன்றுகள் வேர் பிடித்தன, கிணற்றில் நீர்மட்டம் ஏறிற்று, பறவைகள் வந்தன. பறவைகள் வந்தபின் நடுவது அவர் வேலையாக மட்டும் இருக்கவில்லை. விதைகளை அவையே கொண்டு வந்தன. மேலும் நிலம் வாங்கிச் சேர்த்து, அது 32 ஏக்கர்க் காடாயிற்று. அவர் அங்கே களை எடுக்கவில்லை, உரம் இடவில்லை, விழுந்த சருகை அள்ளவில்லை. ‘கரீமின் காடு’ என்று உலகம் அழைக்கிறது.

கேரளத்து மழை வேறு, நம் மழை வேறு என்பதை மறுக்கவில்லை. நம் குன்றில் அத்தகைய அடர்காடு எழாது. எழ வேண்டியதுமில்லை. வேலூர்ச் சீமையின் மலைக்குரிய காடு வேறு: வேங்கை, கருங்காலி, உசிலை, ஆச்சா, நெல்லி, கடுக்காய், புளி, சந்தனம். கோடையில் இலையுதிர்த்து எலும்பாய் நிற்கும். ஆடியில் இரண்டு மழை விழுந்தால் மீண்டும் உடுத்திக்கொள்ளும். ஐயமிருப்போர் ஜவ்வாது மலையின் அமிர்தி வரை ஒருமுறை சென்று வரலாம். வேலூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். வெயிலில் வந்தவர் அந்த ஓடைக்கரை மர நிழலில் கால் வைத்ததும் பேச்சைக் குறைத்துக்கொள்வதைப் பார்க்கலாம். மரமில்லா மலை என்பது இப்பகுதியின் இயற்கையன்று, நாம் செய்தது.

ஏலகிரிக்கும் போய் வாருங்கள். ஒரு காலத்தில் ஜமீன்தார் குடும்பத்தின் தனியுடைமையாக இருந்து, 1950களில் அரசின் வசமான மலை அது. கொண்டையூசி வளைவுகள் பதினான்கு. அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் இட்டிருக்கிறார்கள். பாரி, காரி, ஓரி, அதியமான் என்று ஒவ்வொரு வளைவிலும் ஒரு கொடையாளர் நம்மை வரவேற்கிறார். கொடிக்குத் தேர் தந்த பாரியின் பெயர் தாங்கிய வளைவைத் தாண்டி மேலே சென்றால், விடுதிகளின் விளம்பரப் பலகைகள் தொடங்கிவிடுகின்றன. அதுவரை வளைவுதோறும் மரங்கள் உள்ளன என்பது ஆறுதல்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். ஆம்பூரை அடுத்த ஒரு சிற்றூரில் ஒரு ஹாஜியார் இருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எண்பதைத் தொடும் வயது. தோல் தொழிலில் ஈட்டியவர். அவருடைய பேரன் எம்மிடம் ஓதுகிறான். மலையடியில் அவருக்குப் பதினோரு ஏக்கர் பட்டா நிலம் உண்டு. பாதி சரிவு, பாதி பாறை. பயிர் செய்ததில்லை. சென்ற ஆண்டு ஒருவர் வந்து கல் குவாரிக்கென அதனை விலை பேசினார். நல்ல விலை. பிள்ளைகள் மூவருக்கும் விருப்பம். அப்பணத்தில் பாட்டியார் பெயரால் ஒரு திருமண மண்டபம் கட்டிவிடலாம், ஏழைப் பெண்களின் நிக்காஹை அங்கே வாடகையின்றி நடத்தலாம் என்பது அவர்கள் எண்ணம். கெட்ட எண்ணம் என்று எவரும் சொல்ல இயலாது. ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு இடம் தருவது பெரும் நன்மையே.

ஹாஜியார் என்னை அழைத்து அந்நிலத்துக்குக் கூட்டிச் சென்றார். மூச்சு வாங்க ஒரு பாறையில் அமர்ந்துகொண்டு எதிரே கைகாட்டினார்.

“ஹஜ்ரத், அத்தா மௌத்தானப்போ எனக்கு ஆறு வயசு. அம்மா இந்தச் சரிவுலதான் ஆவாரம்பட்டை உரிச்சாங்க. கையெல்லாம் கறுத்துப் போயிருக்கும். அந்தக் காசுலதான் நாங்க நாலு பேரும் வளர்ந்தோம். பின்னால நான் சம்பாதிச்சு முதல்ல வாங்கின நிலம் இது. எதுக்கு வாங்கினேன்னு பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை.”

சற்று நேரம் சென்று கேட்டார்: “மரத்துக்காக வக்ஃப் எழுதினா செல்லுமா, ஹஜ்ரத்?”

நிலத்தை வக்ஃப் செய்தால் அதன் மேலுள்ள மரங்களும் அதில் அடங்கும் என்பதையும், நோக்கம் நிலையான அறமாக இருத்தல் வேண்டும் என்பதே நிபந்தனை என்பதையும், வழிப்போக்கருக்கு நிழலும் ஏழைக்குக் கனியும் உயிர்களுக்கு இரையும் அறத்தில் சேராதவை அல்ல என்பதையும் எடுத்துரைத்தேன். முடிவான ஃபத்வாவை முஃப்தியிடம் எழுத்தில் பெறுமாறும் கேட்டுக்கொண்டேன். இத்தகைய செயலில் ஆவணம் தெளிவாக இருப்பதே வருங்காலச் சண்டைகளுக்கு வேலி. முத்தவல்லி யார், அவருக்குப் பின் யார், எதை வெட்டலாம், எதை வெட்டலாகாது, கல் எடுப்பது எந்நாளும் கூடாது என்பன ஒவ்வொன்றும் வக்ஃபு நாமாவில் இருத்தல் வேண்டும். கடுக்காய், நெல்லி, புளி ஆகியவற்றின் வருவாயிலிருந்து காவலாளுக்கு ஊதியம் தரலாம். வக்ஃபு ஒன்றே வழியன்று என்பதையும் சொன்னேன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002இல் செய்த திருத்தத்தின்படி, தனியாரோ சமூகமோ தாமே முன்வந்து காக்கும் நிலத்தைச் ‘சமூகக் காப்பகம்’ என அரசு அறிவிக்க இயலும். இங்கே மலைகளின் பெரும்பகுதி வனத்துறையின் காப்புக்காடு. தனியார் கையில் இருப்பது அடிவாரமே. அந்த அடிவாரம்தான் குவாரிக்குப் போகிறது என்பதால் அதன் மதிப்பு சிறிதன்று.

காசில் கிராக்கின் படங்களையும் காட்டினேன். கற்குவியலின் மேல் பாதை ஏறும் படத்தை நெடுநேரம் பார்த்தார். “கல் வெட்டின மலையும் இப்படி ஆகுமா?” என்று கேட்டார். பெயர்ப் பலகையைப் பற்றிப் பேச்சு வந்தது. நம் ஊர்களில் மின்விசிறி வழங்கினால் அதன் மூன்று இறக்கையிலும் பெயர் எழுதும் வழக்கம் உண்டல்லவா. சுழலும்போது எதுவும் தெரியாது என்பது வேறு செய்தி! ஹாஜியார் சிரித்தார். அம்மாவின் பெயர் மட்டும் வேண்டாம், அந்நாளில் பட்டை உரித்த மற்றப் பெண்களின் பெயரும் வேண்டும் என்றார். அவர்களில் பாதிப் பேர் வேற்றுச் சமயத்தார். பெயர்களை நினைவுகூர்ந்து பேரனைக் கொண்டு எழுதத் தொடங்கினார். பதினேழு பெயர்கள் தேறின. இருவரை அவர்களின் மகன் பெயரால்தான் அவருக்குத் தெரியும்.

மண்டபமா, மலையா என்ற வழக்கில் என் மனம் எப்பக்கம் என்று கேட்பீர்களாயின், ஒளிக்காது சொல்வேன். ஆம்பூரில் மண்டபங்கள் இருக்கின்றன. இன்னொன்று வேண்டுமாயின் பணம் படைத்தோர் எந்நாளும் கட்டலாம். குவாரி தின்ற குன்றை எந்தப் பணத்தாலும் கட்ட முடியாது. ஆனால் மூத்த மகன் என்னிடம் கேட்ட கேள்விக்கு எளிதாக விடை சொல்ல முடியவில்லை. “வாப்பா காலத்துக்கு அப்புறம் ஆடு மாடு உள்ள போனா, விறகு வெட்டினா, தீ வெச்சா, யார் போய்ப் பார்க்கிறது ஹஜ்ரத்? மண்டபத்துக்காவது ஒரு பூட்டு இருக்கு.” உண்மைதான். பாரோடேலின் குன்றுக்குப் பின்னே நூற்றாண்டு கடந்த ஓர் அறக்கட்டளையும், அதன் ஊழியர்களும், இலட்சக்கணக்கான உறுப்பினர்களும் நிற்கிறார்கள். அதனால்தான் 2024இல் அப்பள்ளத்தாக்கின் மழைக்காடு தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்படும் நிலையை எட்டிற்று. கரீமின் காட்டுக்குப் பின்னே கரீமின் வாழ்நாள் முழுவதும் நின்றது. நம் ஹாஜியாரின் பதினோரு ஏக்கருக்குப் பின்னே யார் நிற்பார்? ஜமாஅத்தில் இதை எடுத்துப் பேசியபோது, கமிட்டியில் சிலர் முன்வந்தனர். சிலர் பள்ளிவாசல் வரவு செலவே போதிய பாரம் என்றனர். இரு தரப்பும் நேர்மையாகவே பேசினர்.

இதனை எழுதும் இந்நாள் வரை பத்திரம் எழுதப்படவில்லை. இளைய மகன் இசைந்துவிட்டார். நடுமகன் தம்பியின் பக்கம் சாய்கிறார். மூத்தவர் ஒரு மாத அவகாசம் கேட்டிருக்கிறார். குவாரிக்காரருக்கு மட்டும் விடை சொல்லியாயிற்று. பேரனும் அவன் வகுப்புத் தோழர்களும் வெள்ளிக்கிழமை தோறும் சென்று, மழைநீர் தங்குவதற்காகச் சரிவின் குறுக்கே கல் அடுக்கி வரப்பு கட்டுகிறார்கள். இதுவரை நாற்பது குழிகள் தோண்டியாயிற்று. கன்றுகள் வனத்துறை நாற்றங்காலில் கேட்டிருக்கிறோம். நெல்லியும் புளியும் கிடைக்கும், கடுக்காய்க்குக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். ஆவாரைக்கு மட்டும் நாற்று தேவைப்படவில்லை. வரப்பின் மேற்புறம், மண் சேர்ந்த இடத்தில், முதல் மழைக்கே அது தானாக முளைத்திருக்கிறது. அதை மாணவர்கள் களையென்று பிடுங்கப் போனபோது ஹாஜியார் கைத்தடியை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தாராம்.